டேப் போனது சரி, ஆன்ட்டியின் நோட்டு எங்கே?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டர்பன், சாட்ஸ்வர்த்தில் ஐந்து பேர் சேர்ந்து வாரம் அரை மணி நேரத் தமிழ் நிகழ்ச்சி தயாரிக்கிறீர்கள். கேமராக்கள் டேப்பிலிருந்து கார்டுக்கு மாறி ஐந்து வருஷம் ஆகிறது. ஆனாலும் தைப்பூசக் காவடியில் இரண்டாவது கேமரா எடுத்த காட்சிகளில் பாதியைக் காணவில்லை. சேனல் உங்கள் ஃபைலை மூன்று முறை திருப்பி அனுப்பியிருக்கிறது. அலமாரியில் அறுநூறு பழைய டேப்புகள். இதற்கிடையே ஒரு விற்பனையாளர் வந்து, பெரிய சர்வர் ஒன்று வாங்கிப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். வாங்கலாமா?

வாங்க வேண்டாம். குறைந்தது இந்த வருஷம் வேண்டாம். உங்கள் பிரச்சினை சர்வர் இல்லாததால் வந்ததில்லை.

நான் இந்த ஊரில் வேலைக்குச் சேர்ந்தபோது டேப் காலம் முடிந்துகொண்டிருந்தது. எங்கள் ஸ்டூடியோவின் டேப் அறையை ஓர் அம்மா பார்த்துக்கொண்டார். எல்லோருக்கும் அவர் ஆன்ட்டி. நீளவாக்கில் ஒரு கணக்கு நோட்டு வைத்திருப்பார். டேப் எண், தேதி, என்ன காட்சி, யார் எடுத்துப் போனது, எப்போது திரும்பி வந்தது, எல்லாம் அதில் இருக்கும். கையெழுத்துப் போடாமல் ஒரு கேசட்டும் வாசலைத் தாண்டாது. ஷூட்டிங்கிலிருந்து டேப் வந்ததும் அதன் சிவப்புப் பொத்தானை உள்ளே தள்ளிவிடுவார். அப்புறம் யார் நினைத்தாலும் அதன்மேல் பதிவு செய்ய முடியாது. நாங்கள் பின்னால் நின்று கேலி செய்திருக்கிறோம்.

பிறகு கேமராக்கள் மாறின. டேப் அறை இன்னொரு எடிட் அறையானது. ஆன்ட்டி ஓய்வு பெற்றார், கேக் வெட்டினோம். அவர் செய்த வேலையை மட்டும் யாருக்கும் பிரித்துக் கொடுக்கவில்லை. அப்படி ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது என்பதே எங்களுக்கு உறைக்கவில்லை. அடுத்த சில மாதங்களில் ஒரு பாட்டியின் பேட்டி அழிந்தது. கேமராமேன், எடிட்டர் காப்பி எடுத்திருப்பார் என்று நினைத்தார். எடிட்டர், கேமராமேன் எடுத்திருப்பார் என்று நினைத்தார். கார்டை ஃபார்மேட் செய்துவிட்டார்கள். மறுபடியும் போய்ப் பேட்டி எடுத்தோம். முதல் தடவை அவர் தானாகப் பாடிய தாலாட்டை இரண்டாம் தடவை பாடவில்லை. "என்ன பாட்டுப்பா?" என்று கேட்டார்.

ஃபைலுக்கு மாறுவது என்றால் இதுதான். டேப் என்ற பொருள் சத்தமில்லாமல் நான்கு வேலைகளைச் செய்துகொண்டிருந்தது. அதுவே மூலப்பிரதி. அதன் முதுகில் ஒட்டிய சீட்டே விவரக் குறிப்பு. அலமாரியில் நின்றாலே பாதுகாப்பு. கையில் கொடுத்தால் ஒப்படைத்ததாகக் கணக்கு. ஃபைலுக்கு உடம்பு கிடையாது. அந்த நான்கையும் இனி மனிதர்கள் நினைவு வைத்துச் செய்ய வேண்டும்.

உங்கள் தைப்பூசக் காட்சிகளைப் பார்ப்போம். இரண்டு கேமராவும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். இரண்டு கார்டுகளையும் "தைப்பூசம்" என்ற ஒரே ஃபோல்டரில் காப்பி செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் விஷயம். இந்த வகைக் கேமராக்கள் பலவற்றில், மாற்றி அமைக்காவிட்டால், கார்டை ஃபார்மேட் செய்ததும் கிளிப் எண் மறுபடி 0001 இலிருந்து தொடங்கும். முதல் கேமராவிலும் 0001, இரண்டாவதிலும் 0001. கணினி "இதே பெயரில் ஏற்கெனவே ஃபைல் இருக்கிறது, என்ன செய்ய?" என்று கேட்டிருக்கும். இரவு பதினொரு மணிக்கு, காலையிலிருந்து வெயிலில் நின்றவர், ஏதோ ஒரு பொத்தானை அமுக்கியிருப்பார். ஒரே பெயர் உள்ளவை வரை ஒன்று மற்றொன்றை விழுங்கியிருக்கும், மிச்சம் தப்பியிருக்கும். "பாதி போனது" என்பதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தெரியவில்லை. திருடனும் இல்லை, வைரஸும் இல்லை.

ஆகவே முதல் வேலை, ஷூட்டிங் முடிந்த பிறகு வரும் அரை மணி நேரத்தைச் சரி செய்வது. கேமரா மெனுவில் கிளிப் பெயருக்கு முன்னொட்டு வைக்கும் இடம் இருக்கும். கேமராவுக்கு ஒன்றாக வெவ்வேறு எழுத்து கொடுங்கள். எண் தொடரை ஃபார்மேட் செய்தாலும் தொடர்ந்து போகும்படி மாற்றுங்கள். இரண்டு கேமராவின் கடிகாரத்தையும் காலையில் ஒன்றாக வையுங்கள், டைம்கோடு, அதாவது ஒவ்வொரு படத்தோடும் பதிவாகும் நேர எண், நாளின் நேரத்தைக் காட்டட்டும். தேர் எப்போது கிளம்பியது என்று நினைவிருந்தால் எடிட்டில் இரண்டு கேமராவிலும் அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம்.

கார்டிலிருந்து காப்பி எடுக்கும்போது வீடியோவை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். கார்டில் இருக்கும் ஃபோல்டர் அமைப்பு முழுவதையும் அப்படியே எடுங்கள். பானசோனிக்கின் பி2 கார்டு போன்றவற்றில் படம் ஒரு ஃபைல், ஒலி வேறு ஃபைல். சோனியில் நீண்ட காட்சி பல துண்டுகளாக இருந்தால் அவற்றைச் சேர்த்துக் காட்டும் தகவல் பக்கத்து ஃபோல்டரில் இருக்கும். பொறுக்கி எடுத்தால் ஒருநாள் கையும் காலும் தனித்தனியாக வந்து நிற்கும். மூல கிளிப்பின் பெயரையும் மாற்றக் கூடாது. பெயர் வைக்க ஆசை இருந்தால் வெளி ஃபோல்டருக்கு வையுங்கள்.

காப்பி ஆனதா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஃபைல் அளவு சரியாக இருக்கும், உள்ளே ஓர் இடத்தில் படம் சிதறியிருக்கும். செக்சம் என்று ஒன்று உண்டு. ஃபைல் முழுவதையும் படித்து அதற்கு ஒரு கைரேகை போல எண் போடுவது. கார்டின் எண்ணும் டிஸ்க்கின் எண்ணும் ஒன்றானால்தான் காப்பி உண்மை. இதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம். நீங்கள் எடிட்டுக்கு வைத்திருக்கும் டாவின்சி ரிசால்விலேயே இப்படிச் சரிபார்த்துக் காப்பி எடுக்கும் க்ளோன் டூல் இருக்கிறது. விண்டோஸில் டெராகாப்பி என்ற மென்பொருள் சரிபார்த்துக் கொடுக்கும். இரண்டு வெவ்வேறு டிஸ்க்குகளில் சரிபார்த்த காப்பி ஆன பிறகு, பெயர் குறித்த ஒரே ஒருவர்தான் கார்டை ஃபார்மேட் செய்யலாம், அதுவும் கேமராவில் வைத்து. அந்த ஒருவர்தான் உங்கள் ஆன்ட்டி. ஐந்து பேரில் அது யார் என்று இந்த வாரமே முடிவு செய்யுங்கள். மிகத் திறமையானவர் வேண்டாம், சிடுசிடு என்று இருப்பவர் நல்லது.

நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. 2022, 2023 இல் லோட்ஷெடிங், அதாவது முறை வைத்து மின்வெட்டு, எப்படி இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. வெளி டிஸ்க்குகள் பலவும் எக்ஸ்ஃபேட் அமைப்பில் வருகின்றன. டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கும் ஒரு முறை அது. விண்டோஸ், மேக் இரண்டிலும் திறக்கும் என்பதால் எல்லோரும் அப்படியே வைத்துக்கொள்கிறோம். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், எதை எங்கே எழுதினோம் என்ற குறிப்பை அது தனியாகப் பாதுகாப்பதில்லை. டிஸ்க்கின் அட்டவணையே குழம்பிப் போகலாம். விண்டோஸின் என்டிஎஃப்எஸ், மேக்கின் ஏபிஎஃப்எஸ் இந்த விஷயத்தில் தேவலை. வேலை டிஸ்க் அப்படி இருக்கட்டும், எக்ஸ்ஃபேட்டை ஊர் சுற்றும் டிஸ்க்குக்கு மட்டும் வையுங்கள். சர்வருக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு சின்னப் பங்கை எடுத்து நல்ல யுபிஎஸ் ஒன்று வாங்குங்கள். லோட்ஷெடிங் குறைந்துவிட்டதே என்று தள்ளிப்போடாதீர்கள். மழைக்கு டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தாலும் இருட்டுதான்.

அடுத்தது விவரக் குறிப்பு. பெரிய ஸ்டூடியோக்களில் மெட்டாடேட்டா என்று பெயர் சொல்லித் தனி மென்பொருளே வைத்திருப்பார்கள். உங்களுக்கு ஒரு எக்செல் தாள் போதும், ஆனால் ஒழுங்காக. நம் சமூகத்தில் இது மற்றவர்களைவிடக் கடினம். ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் இங்கே வந்த நம் முன்னோர்களின் பெயர்களைக் காலனி எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். கவுண்டர் கோவெண்டரானார், முதலியார் மூட்லியானார். முனுசாமி என்ற ஒரே பெயர் ஆங்கில எழுத்தில் வீட்டுக்கு வீடு வேறு. கோயில் பெயரும் அப்படித்தான். மாரியம்மன் என்பதை ஒருவர் ஒற்றை எம் போட்டு எழுதுவார், ஒருவர் இரட்டை எம், கடைசி உயிரெழுத்துக்கு ஒருவர் ஏ, ஒருவர் இ. ஆடி மாதக் கூழ் ஊற்றும் விழாவை நீங்கள் "கூழ்" என்று குறித்தால், கூடவே இருப்பவர் எல்லோரும் சொல்வதுபோல "பாரிஜ் ப்ரேயர்" என்று குறிப்பார். மூன்று வருஷம் கழித்து "இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் ஈஸ்டர் திருவிழாக் காட்சி வேண்டும்" என்று யாராவது கேட்டால் கணினி பாதியைத்தான் கண்டுபிடிக்கும். டேப் காலத்தில் ஆன்ட்டிக்குக் காதே போதும். எப்படிச் சொன்னாலும் எடுத்துக் கொடுப்பார். கணினிக்கு அந்தக் காது கிடையாது.

அதனால் ஒரே ஒரு பக்கத்தில் ஒரு சொற்பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நீங்கள் போகும் கோயில்கள், விழாக்கள், அடிக்கடி வரும் ஆட்கள், ஒவ்வொன்றுக்கும் நீங்கள் ஒப்புக்கொண்ட ஒரே எழுத்துக்கூட்டல். எது சரியான எழுத்துக்கூட்டல் என்று சண்டை போடாதீர்கள், ஒன்றாக இருந்தால் போதும். மற்ற வடிவங்களை எக்செல் தாளில் தனிப் பத்தியில் போடலாம், தேடும்போது அகப்படும். ஃபோல்டர் பெயர் வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கட்டும். 20250211 என்று தொடங்கினால் எந்தக் கணினியிலும் தானாகத் தேதி வாரியாக நிற்கும். அதன்பின் இடம், கேமரா, கார்டு எண். ஃபைல் பெயரில் தமிழ் எழுத்து வேண்டாம் என்று சொல்ல எனக்கே வருத்தம்தான். ஆனால் இடைவெளியும் சாய்கோடும் தமிழும் பார்த்தால் மிரளும் பழைய ஒளிபரப்புக் கருவிகளை நான் பார்த்திருக்கிறேன். தமிழை எக்செல் தாளில் தாராளமாக எழுதுங்கள்.

சேனல் திருப்பி அனுப்பிய கதைக்கு வருவோம். டேப் கொடுத்த காலத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து பார்த்து, "கொஞ்சம் சத்தம் அதிகம், பரவாயில்லை" என்று விட்டுவிடுவார். இப்போது உள்ளே வரும் ஃபைலை முதலில் ஒரு மென்பொருள் பார்க்கிறது. அதற்குப் பரவாயில்லை என்ற சொல் தெரியாது. நீங்கள் ஒட்டியிருக்கும் மூன்று அறிக்கைகளில் மூன்று வெவ்வேறு குற்றங்கள்.

முதலாவது ஒலி. ஐரோப்பிய ஒளிபரப்புச் சங்கம் 2010 இல் கொண்டுவந்த ஆர்128 முறைப்படி நிகழ்ச்சியின் சராசரி ஒலி −23 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். உங்கள் சேனலின் தாளிலும் அந்த எண்தான். பழைய ஊசி மீட்டரைப் பார்த்து மிக்ஸ் செய்தால் இது பிடிபடாது. அதுவும் நமக்கு நாதஸ்வரமும் தவிலும். தவில்காரர் ஒரு அடி அடித்தால் உச்சம் எகிறிவிடும், சராசரி அப்படியே கிடக்கும். முழு நிகழ்ச்சியையும் குறைத்தால் பேச்சு கேட்காது. மேளம் வரும் துண்டுகளில் தனியாக லிமிட்டர் போட்டு உச்சத்தை மட்டும் அடக்குங்கள், பிறகு முழுவதையும் அளந்து −23 க்குக் கொண்டுவாருங்கள். ரிசால்வில் ஒலிக்கான ஃபேர்லைட் பக்கத்தில் அந்த மீட்டர் இருக்கிறது.

இரண்டாவது நிறம். பக்தர்கள் போனில் எடுத்து அனுப்பிய துண்டுகளைச் சேர்த்திருக்கிறீர்கள். மஞ்சள் புடவை, குங்குமச் சிவப்பு, நல்ல வெயில். போன் தன் பங்குக்கு இன்னும் அள்ளித் தெளிக்கும். ஒளிபரப்பு எல்லையைத் தாண்டிவிட்டது என்று கருவி சொல்வதில் தவறில்லை. கடைசியில் நிறத்தை எல்லைக்குள் அடக்கும் லீகலைசர் ஒன்று போட்டால் தீரும், ஆனால் முதலில் கையால் கொஞ்சம் இறக்குங்கள். இல்லாவிட்டால் சிவப்பெல்லாம் ஒரே சப்பைச் சிவப்பாகிவிடும்.

மூன்றாவது, அசைவில் தடுமாற்றம். இதுவும் போனின் வேலைதான். இங்கே டிவி நொடிக்கு 25 படம், ஒவ்வொன்றும் ஃபீல்டு என்ற இரண்டு பாதிப் படமாக 50. போன் சும்மா விட்டால் 30 எடுக்கும், அதுவும் வெளிச்சத்துக்குத் தகுந்தபடி கூடும் குறையும். 30 ஐ 25 ஆக்கினால் காவடி ஆடுகிறவர் விக்கி விக்கி ஆடுவார். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இரவில் டியூப்லைட் வேறு சிமிட்டும். துண்டு அனுப்புகிறவர்களிடம், போன் கேமராவில் 25 என்ற தேர்வு இருந்தால் அதை வைக்கச் சொல்லுங்கள். வந்ததை அப்படியே டைம்லைனில் போடாமல் முதலில் 25 க்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மற்றபடி சேனல் கேட்கும் எக்ஸ்டிகேம் எச்டி422 என்ற பதிவு முறை, படத்தையும் ஒலியையும் சேர்த்துப் பொதியும் எம்எக்ஸ்எஃப் உறை என்பதெல்லாம் பயப்பட வேண்டியவை அல்ல. நொடிக்கு 50 மெகாபிட், அதாவது ஒரு மணி நேரப் படத்துக்கு 22.5 ஜிபி, ஒலி தனி. உங்கள் அரை மணி நிகழ்ச்சி 11, 12 ஜிபி வரும். அப்லோடு வேகமும் நொடிக்கு 50 மெகாபிட் என்றால் நிகழ்ச்சி எவ்வளவு நீளமோ ஏறக்குறைய அவ்வளவு நேரத்தில் போய்ச் சேரும். டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு கார் ஓட்ட வேண்டியதில்லை. அனுப்பும் ஃபைலோடு செக்சம் எண்ணையும் அனுப்புங்கள். "உங்கள் ஃபைல் பழுது" என்று அவர்கள் சொன்னால், பழுது இங்கிருந்து போனதா வழியில் வந்ததா என்று உடனே தெரிந்துவிடும்.

உலகம் ஃபைலுக்கு வந்து சேர்ந்த கதையும் சுவாரசியம்தான். சோனியின் டிஸ்க் கேமரா 2003, பானசோனிக்கின் பி2 கார்டு 2004. ஆனாலும் பலர் டேப்பை விடவில்லை. 2011 மார்ச்சில் ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்து, செண்டாய் பக்கத்தில் இருந்த சோனி டேப் தொழிற்சாலை நின்றது. உயர்தர டேப்புக்கு உலகம் முழுக்கத் தட்டுப்பாடு. விருப்பப்பட்டு மாறாதவர்கள் அப்போது வேறு வழியில்லாமல் மாறினார்கள். பிரிட்டனின் பெரிய சேனல்கள் 2014 அக்டோபர் 1 முதல் ஃபைலாகத்தான் வேண்டும் என்றன. 2016 இல் சோனி பீட்டாகேம் கேசட் விற்பதையே நிறுத்தியது.

இப்போது சர்வர். பிபிசி 2008 இல் ஒரு பெரிய திட்டம் தொடங்கியது. எல்லாப் படங்களையும் ஒரே இடத்தில் வைத்து, யார் வேண்டுமானாலும் மேசையிலிருந்தே தேடி எடுத்து எடிட் செய்ய வேண்டும் என்பது ஆசை. 2013 மே மாதம் அதைக் கைவிட்டார்கள். போன பணம் ஏறத்தாழ 100 மில்லியன் பவுண்டு. காரணங்கள் பல. அதில் எனக்குப் பெரியதாகத் தெரிவது, தினமும் வேலை செய்கிறவர்களின் பழக்கம் மாறாமல் மேலே ஒரு பெரிய இயந்திரத்தை வைத்ததுதான். அவர்களிடம் பொறியாளர்களுக்குப் பஞ்சமில்லை. ஐந்து பேர் நாம், வார நாளில் எல்லோருக்கும் வேறு வேலை. இன்றைய குழப்பத்தை அப்படியே சர்வருக்குள் போட்டால் வேகமான குழப்பம் கிடைக்கும். சர்வருக்குள் நான்கு டிஸ்க் இருக்கிறது, ஒன்று போனாலும் பரவாயில்லை என்று விற்பனையாளர் சொல்லியிருப்பார். அது டிஸ்க் பழுதுக்குக் காப்பு. தவறி டிலீட் செய்தால் நான்கிலும் சேர்ந்தே போகும்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வாரம் இரண்டு கேமராவில் தலா நான்கு மணி நேரம், 4கேயில் நொடிக்கு 100 மெகாபிட். மணிக்கு 45 ஜிபி, வாரம் 360 ஜிபி, ஐம்பது வாரத்துக்கு 18 டெராபைட். எல்லாவற்றையும் என்றென்றைக்கும் வைத்திருக்க வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். நிகழ்ச்சி ஒளிபரப்பாகி மூன்று மாதம் கழித்து, கேமரா தரையைப் பார்த்தபடி நடந்த இருபது நிமிடத்தை வைத்திருப்பதில் அர்த்தமில்லை. டேப்புக்கு விலை இருந்ததால் எண்ணி எண்ணி எடுத்தோம். இப்போது ரெக்கார்டு போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறோம். எடிட் செய்து அனுப்பியது, நல்ல மூலக் காட்சிகள், பேட்டிகள் முழுவதுமாக, இவ்வளவு போதும். வருஷத்துக்கு ஆறேழு டெராபைட்டில் அடங்கும்.

அதை மூன்று பிரதியாக வையுங்கள். வேலை டிஸ்க், அலமாரி டிஸ்க், இன்னொன்று வேறு ஒருவர் வீட்டில். வேறு வீடு என்றால் வேறு தெரு, மேட்டுப் பகுதியாக இருந்தால் நல்லது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் ஓர் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் டிஸ்க்குகளும் அவற்றின் பிரதிகளும் ஒரே அலமாரியில் மேல்தட்டு, கீழ்த்தட்டாக இருந்தன. தண்ணீர் தட்டு பார்த்து வரவில்லை. பெரிய நிலையங்கள் எல்டிஓ என்ற டேப்பில் எழுதி வைக்கின்றன. ஆமாம், சுற்றி வளைத்து மறுபடி டேப்புக்கே வந்துவிட்டோம். எல்டிஓ-9 கேசட் ஒன்றில் 18 டெராபைட் அடங்கும், மேசை மேல் சும்மா கிடந்தாலும் டிஸ்க்கைவிட நம்பலாம். ஆனால் எழுதும் கருவி விலை உங்களுக்குக் கட்டுப்படியாகாது. வருஷம் ஒருமுறை கருவி வைத்திருக்கும் இடத்தில் கூலி கொடுத்து எழுதி வாங்குங்கள். எல்டிஎஃப்எஸ் முறையில் எழுதச் சொல்லுங்கள், அப்போதுதான் நாளைக்கு வேறு ஒருவர் கருவியிலும் சாதாரண டிஸ்க் போலத் திறக்கும்.

அறுநூறு பழைய டேப்புகளை விட்டுவிட்டேன். உங்கள் மினிடிவி (சின்ன டிஜிட்டல் கேசட்) டேப்பைக் கணினிக்குள் ஏற்ற, ஒரு மணி நேர டேப்புக்கு ஒரு மணி நேரம். குறுக்கு வழியே கிடையாது. ஒரு டேப்புக்கு 13 ஜிபி, மொத்தம் 8 டெராபைட்டுக்குள் அடங்கிவிடும். இடம் பிரச்சினை இல்லை, நேரம்தான். நாளைக்கு மூன்று டேப் என்றால் இருநூறு நாள். டேப்பைப் போட்டு ஓட்டும் டெக் என்ற கருவியில் ஓடும் நிலையில் உள்ளதும், அதை இணைக்கும் பழைய ஃபயர்வயர் வாய் உள்ள கணினியும் வருஷத்துக்கு வருஷம் அரிதாகின்றன, ஆகவே சர்வர் பணத்தில் இதற்குத்தான் செலவு செய்யச் சொல்வேன். டெக் இரண்டு வாங்குங்கள், ஒன்று உதிரிக்கு. கேசட்டின் சின்ன ஜன்னல் வழியாகத் தெரியும் டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தால் டெக்கில் போடவே போடாதீர்கள். டர்பன் ஈரக் காற்றில் இது சகஜம். அந்த ஒன்று டெக்கின் ஹெட்டைக் கெடுத்து, அடுத்து வரும் நல்ல டேப்பையும் கெடுக்கும். அவற்றைத் தனிப் பெட்டியில் வைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

வரிசையாக ஒன்றிலிருந்து தொடங்காதீர்கள். 1860 நவம்பரில் நம் முன்னோர்களை முதலில் இங்கே கொண்டுவந்த ட்ரூரோ கப்பல் வந்ததன் 150 ஆம் ஆண்டு விழா 2010 இல் நடந்தபோது பெரியவர்கள் பலரைப் பேட்டி எடுத்ததாக எழுதியிருந்தீர்களே, அந்தப் பெட்டி முதலில். ஏற்றும்போது உங்களில் வயதானவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் வருவது யார் என்று சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். டேப்பின் மேல் ஒட்டிய சீட்டையும் போனில் ஒரு படம் எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள். கோந்து காய்ந்து அது விழுந்துகொண்டிருக்கும்.